எஞ்சினை இறக்குமுன் காற்று போகும் வழியைப் பாருங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய கார் வைத்திருப்பவர் எவரானாலும் இந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது கேட்டிருப்பார்: "கம்ப்ரஷன் இறங்கிடுச்சு போஸ். ஓவர்ஹால் பண்ணணும். இல்லன்னா ஹாஃப்-கட் பாத்துப் போட்டுடலாம், அதான் லாபம்." வண்டி மோரிஸ் மைனராக இருக்கலாம், டட்சன் 120ஒய்யாக இருக்கலாம், ஃபோக்ஸ்வேகன் பீட்டிலாகக்கூட இருக்கலாம். தீர்ப்பு மட்டும் மாறாது. பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையில் கேட்டாலும் அதுதான், கிள்ளானில் பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்தில் கேட்டாலும் அதுதான்.

இந்தத் தீர்ப்புக்கு மூன்று கால்கள். ஒன்று, கம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண் பொய் சொல்லாது. இரண்டு, ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய வால்வுகளை எப்போதோ தின்றுவிட்டது, இனி பார்த்து என்ன பயன். மூன்று, பழசைத் தேடித் திருத்துவதைவிட வேறு எஞ்சினை ஏற்றுவது மலிவு. மூன்றுமே பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி முழு எஞ்சினை இறக்குவதைத்தான் இந்தக் கட்டுரை மறுக்கிறது. கம்ப்ரஷன் குறைந்தது என்று தெரிந்தால் விசாரணை தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காற்று எந்த வழியாகப் போகிறது என்று சொல்லாத வரை யாரும் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். ஸ்டார்ட்டர் சுழற்றும்போது பிஸ்டன் எவ்வளவு காற்றை உள்ளே இழுத்து எவ்வளவு அழுத்தத்துக்குக் கொண்டுபோகிறது என்பதைத்தான் கேஜ் காட்டுகிறது. எஞ்சினில் எந்தக் குறையும் இல்லாமலே அந்த அழுத்தம் குறைய வழிகள் பல. பேட்டரி சோர்ந்திருந்தால் எஞ்சின் மெதுவாகச் சுழலும், எண் குறையும். கார்புரேட்டரின் த்ராட்டில் மூடியிருந்தால் உள்ளே வரும் காற்றே குறைவு, எண்ணும் குறையும். எஞ்சின் சூடாகாமல் சோதித்தாலும், மற்ற பிளக்குகளைக் கழற்றாமல் ஒன்றை மட்டும் கழற்றிச் சோதித்தாலும் அதே கதி. கடல்மட்டத்தை ஒட்டிய கிள்ளானில் எடுத்த எண்ணும், ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க முடியாது. மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, கேஜும் அந்த அளவுக்கு இறங்கும். கேமரன் மலையில் கார் நோயாளியாகிவிடவில்லை, மலையில் காற்றுதான் மெல்லியது.

ஆகவே எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்து, நல்ல பேட்டரியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கைச் சுழற்சி கொடுத்து எடுத்த எண்ணுக்குத்தான் மதிப்பு. அதிலும் ஒற்றை எண்ணைவிட நான்கு எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் பேசும். நான்கும் ஒரே அளவில் சற்றுக் குறைவாக இருந்தால் சோதனை முறையையோ டைமிங் செயினையோ சந்தேகிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மட்டும் விழுந்திருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் ஊதியிருக்கலாம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்த ஒன்றோடு பேச வேண்டும். மற்ற மூன்றையும் சேர்த்துத் தண்டிப்பது என்ன நியாயம்?

ஓர் உதாரணம். ஒரு மோரிஸ் மைனர், 948 சிசி. 1956 முதல் அந்த வண்டியில் வந்த ஏ-சீரிஸ் எஞ்சின். எண்கள் 150, 145, 90, 150 பி.எஸ்.ஐ. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது சிலிண்டர் படுத்துவிட்டது. வழக்கமான தீர்ப்பின்படி எஞ்சின் இறங்கும். ஆனால் ஹெட்டின் மேல்மூடியைத் திறக்க இரண்டே நட்டுகள்தான். திறந்தால் எட்டு வால்வுகளும் வரிசையாகக் கண்ணெதிரே நிற்கும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது, மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு. இந்த எஞ்சினுக்கு ஒன்பது கணக்கு என்று ஓர் எளிய வழி உண்டு. அளக்க வேண்டிய வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஐந்தை அளக்க நான்கு திறந்திருக்க வேண்டும். எஞ்சினைக் கையால் சுழற்றி நான்காவதை அடிவரை அழுந்த வைத்துவிட்டு, ஐந்தின் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே 0.012 அங்குல ஃபீலர் தகட்டை நுழைத்துப் பாருங்கள். அது கால் மில்லிமீட்டரைவிடச் சற்றே கூட. தகடு நுழையவே மறுத்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. வால்வு முழுதாக உட்காராமல் இருக்கலாம். அதனால்தான் காற்று ஒழுகக்கூடும்.

இங்கே ஒரு தவறான ரசனையையும் கண்டிக்க வேண்டும். எஞ்சின் சத்தமில்லாமல் ஓட வேண்டும் என்று நம்மவர்களுக்கு ஓர் ஆசை. வால்வைத் தள்ளும் டெப்பட் டிக்-டிக் என்று தட்டினால் காரின் மானமே போய்விட்டதாக நினைப்பார்கள். ஃபோர்மனிடம் சொல்லி இடைவெளியைக் குறைத்துச் சத்தத்தை அடக்கிவிடுவார்கள். வால்வைக் கொல்லும் வழி அதுதான். எக்ஸாஸ்ட் வால்வின் தலையில் ஏறும் வெப்பத்தின் பெரும்பகுதி, வால்வு மூடியிருக்கும்போது சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. இடைவெளி இல்லாமல் போனால் வால்வு சீட்டில் அமராது, வெப்பம் இறங்க வழியிருக்காது. விளிம்பில் ஓர் இடம் கருகும், அந்த இடைவெளி வழியாகத் தீ சீறும், கொஞ்ச நாளில் அங்கே ஓர் ஓட்டை விழும். இடைவெளி கூடிய டெப்பட் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இறுகிய டெப்பட் அமைதியாக இருந்தே வேலையை முடித்துவிடும். கருகுமுன் கண்டுபிடித்தால் செலவு ஒரு ஸ்பேனரும் ஒரு தகடும் அரை நாளும். கேஜில் எண்ணைப் பார்க்குமுன் இடைவெளியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இடைவெளி சரியாக இருந்தும் எண் குறைந்தால் அடுத்த படி எண்ணெய்ச் சோதனை. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி மறுபடி சோதிப்பது. எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் என்பார்கள். நல்ல சோதனைதான், ஆனால் இதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் அது பிஸ்டனுக்கு மேலே இடத்தை அடைத்துக்கொண்டு எண்ணைத் தானே ஏற்றிவிடும். பீட்டிலில் சிலிண்டர்கள் படுத்திருக்கின்றன. ஊற்றிய எண்ணெய் கீழ்ப்பக்கச் சுவரில் போய்த் தேங்கும், மேல்பக்க ரிங்கை நனைக்காது. அங்கே இந்தச் சோதனையின் விடையை அப்படியே நம்ப முடியாது. நல்ல எண்ணும் சில வேளை பொய் சொல்லும். எண்ணெய் குடிக்கும் எஞ்சினில் சிலிண்டர் சுவர் எப்போதும் ஈரமாக இருப்பதால் தேய்ந்த ரிங்கும் சரியான எண்ணைக் காட்டலாம். கரி படிந்த ஹெட்டிலும் அழுத்தம் கூடும். 'கம்ப்ரஷன் நல்லா இருக்கு' என்று கேட்டு நிம்மதியாகத் தூங்குபவரும் ஏமாறக்கூடியவர்தான்.

காற்று போகும் வழியைக் காட்டிக்கொடுப்பது கசிவுச் சோதனை. பிஸ்டனை அழுத்தச் சுற்றின் உச்சிக்குக் கொண்டுவந்து, வண்டி நகராதபடி பிடித்து, பிளக் துளை வழியாக கம்ப்ரஸர் காற்றைச் செலுத்த வேண்டும். பிறகு கேட்க வேண்டும். கார்புரேட்டரில் உஸ் என்று வந்தால் இன்லெட் வால்வு. சைலன்ஸர் வாயில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் அங்கே வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல். பக்கத்துப் பிளக் துளையில் வந்தால் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே கேஸ்கட் போயிருக்கிறது. இத்தனை திட்டவட்டமாகப் பதில் சொல்லும் சோதனையைச் செய்யாமல் எஞ்சினை இறக்குவதை அனுபவம் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

காற்று எங்குமே போகவில்லை, ஆனால் கம்ப்ரஷன் எண் குறைவு என்றும் வரலாம். குழம்ப வேண்டாம், அதுவும் ஒரு விடைதான். காம்ஷாஃப்டின் மேடு தேய்ந்துபோனால் இன்லெட் வால்வு போதிய அளவு திறக்காது. உள்ளே வரும் காற்றே குறைவு, அழுத்த என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட எஞ்சினில் ரிங் மாற்றி, வால்வு அரைத்து, சிலிண்டரைத் துளைத்துப் பெரிதாக்கி, எல்லாச் செலவும் செய்து திரும்பப் பூட்டினாலும் எண் ஏறாது. வாடிக்கையாளர் பெட்ரோலைத் திட்டுவார். ஃபோர்மன் உதிரிப்பாகத்தைத் திட்டுவார். காம்ஷாஃப்ட் மட்டும் தேய்ந்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும்.

கார்க்காரர்களுக்கு இதெல்லாம் மிகை என்று தோன்றினால், உயிரையே பணயம் வைத்துப் பறப்பவர்களைப் பார்க்கலாம். சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சினில் 80 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்திக் கசிவைப் பார்ப்பது வழக்கமான பரிசோதனை. அதிலும் எஞ்சின் தயாரிக்கும் கான்டினென்டல் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட சேவை அறிவிப்பு, எண்ணை மட்டும் பார்த்துச் சிலிண்டரைக் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே கேமரா விட்டுப் பார், வால்வு கருகிய அடையாளம் இல்லையென்றால் பறந்து இறங்கிய பின் மறுபடி சோதி என்கிறது. வானத்தில் எஞ்சின் நின்றால் ஓரமாக நிறுத்த இடமில்லாதவர்களே இத்தனை பொறுமை காட்டுகிறார்கள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் நமக்கு என்ன அவசரம்? மழையும் புழுக்கமும் மாறி மாறி வரும் நம் ஊரில், கார் கூரையடியில் மாதக்கணக்கில் தூங்கிவிட்டு எழும்போது வால்வுத் தண்டில் பிசினும் துருவும் ஒட்டியிருக்கும், ரிங் கரியில் சிக்கியிருக்கும். அதை அன்றே சோதித்து அன்றே தீர்ப்பெழுதக் கூடாது. சில நாள் ஓட்டிச் சூடேற்றிவிட்டு மறுபடி எண்ணை எடுத்தால் பல வண்டிகள் தாமே எழுந்து உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது கால், ஈயம். பெட்ரோலில் கலக்கும் ஈயச் சேர்மத்தின் குணத்தை 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸில் கண்டறிந்தவர் தாமஸ் மிட்ஜ்லி. அது 'நாக்கிங்' எனும் எஞ்சின் தட்டலை அடக்கியதோடு வால்வு சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து அதைக் காத்தும் வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு என்பதால் அது போனது நல்லதே. மலேசியாவில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. ஈயப் படலம் இல்லாவிட்டால் வார்ப்பிரும்பில் நேரடியாக வெட்டிய சீட் மெல்ல மெல்ல உள்வாங்கும் என்பது மெய். மோரிஸ் மைனரின் ஹெட் அந்த வகைதான்.

ஆனால் அதிலிருந்து 'எல்லாப் பழைய எஞ்சினும் செத்துவிட்டது' என்று முடிவுகட்ட எந்த ஆதாரமும் இல்லை. டட்சன் 120ஒய், பீட்டில் இரண்டின் ஹெட்டும் அலுமினியம். அலுமினியத்தில் சீட்டைத் தனி வளையமாகத்தான் பதிக்க முடியும், அந்த வளையம் சாதாரண வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. அந்த வண்டிக்கும் மாதாமாதம் ஈயமாற்று பாட்டில் வாங்கி ஊற்றுவது காசைக் கரியாக்குவது. வார்ப்பிரும்பு ஹெட்டிலும் சீட் வேகமாக உள்வாங்குவது நீண்ட நேரம் வேகமாகவும் பாரத்தோடும் ஓடும்போதுதான். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை நெரிசலில் போய்வரும் மைனருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ வரை மணிக்கு 110 என்று மிதித்தால் கதை வேறு. 948 சிசி மைனருக்கு அது ஏறக்குறைய உச்ச வேகம். சீட் உள்வாங்க உள்வாங்க வால்வு மேலேறும், டெப்பட் இடைவெளி சுருங்கும். ஒவ்வொரு முறை இடைவெளி வைக்கும்போதும் எவ்வளவு சுருங்கியிருந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பவருக்கு, வால்வு கருகும் முன்பே சீட் உள்வாங்குவது தெரிந்துவிடும். அப்போது ஹெட்டை மட்டும் கழற்றி மெஷின் ஷாப்பில் கடின வளையம் பதித்தால் தீர்ந்தது. இதற்காக பிளாக்கையும் பிஸ்டனையும் ஏன் தொட வேண்டும்?

மூன்றாவது கால்தான் உறுதியானது, அதனால் கவனமாகப் பேச வேண்டும். கிள்ளானிலிருந்து மேரு, காப்பார் போகும் பக்கங்களில் ஜப்பானியக் கார்களின் முன்பாதியை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து விற்கும் 'ஹாஃப்-கட்' கடைகள் உண்டு. துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஃபோர்மனின் மணிநேரக் கூலியோடு ஒப்பிட்டால் ஓடும் நிலையில் உள்ள எஞ்சின் மலிவுதான். மைனரில் டட்சன் எஞ்சினும் டொயோட்டா எஞ்சினும் ஏறியிருக்கின்றன, ஓடவும் ஓடுகின்றன. பிளாக் வெடித்துப்போன வண்டிக்கும், கனெக்டிங் ராடு உடைந்து பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வந்த வண்டிக்கும் அதுதான் வழி என்றால் நானும் தலையாட்டுவேன்.

ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவைத் திருத்த வேண்டும், வாகனப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ரோடு டாக்ஸ் சிசியைப் பொறுத்தது என்பதால் பெரிய எஞ்சின் ஆண்டுதோறும் கூடுதலாகக் கேட்கும். மைனரில் நான்கு சக்கரத்திலும் இருப்பது டிரம் பிரேக். பழைய எஞ்சினின் வேகத்துக்கு அளவெடுத்துச் செய்த அந்த பிரேக்கோடு புதிய வேகத்தைச் சேர்த்தால், பிரேக்குக்கும் செலவு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் அதைவிடப் பெரிய செலவு. பதிவுப் பத்திரமான கிரானில் உள்ள எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கும் வண்டியைத் தேடி வாங்குபவர் நாளை கொடுக்கும் விலையையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

எனக்குப் பெரிய வேடிக்கையாகப் படுவது இன்னொன்று. தன் காரில் ஒரு சிலிண்டர் 90 காட்டியது என்று சொந்த எஞ்சினைக் கழித்துவிட்டவர், ஹாஃப்-கட் கடையில் தரையில் கிடக்கும் எஞ்சினுக்கு எந்த எண்ணையும் கேட்பதில்லை. அது ஜப்பானில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது எண்ணெய் மாற்றியது, ஒரு தரமாவது கொதித்ததா, எதுவும் தெரியாது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, கடைக்காரர் நல்லது என்கிறார். சொந்தப் பிள்ளைக்கு ஆயிரம் சான்றிதழ் கேட்டுவிட்டு, வரும் மருமகனைப் பெயர்கூடக் கேட்காமல் வீட்டுக்குள் அழைப்பது போன்றது இது. மாற்றுவதே முடிவானாலும் அந்த எஞ்சினுக்கும் இதே நான்கு எண்களும் கசிவுச் சோதனையும் வேண்டும்.

'உதிரிப்பாகம் கிடைக்காது' என்பதும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சாக்கு. மோரிஸ் மைனர் பிரிட்டனில் பத்து லட்சம் விற்ற முதல் கார். அதன் வால்வும் கேஸ்கட்டும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ல்ஸ் வேர், அவற்றுக்கான உடல் தகடுகளை இலங்கையில் செய்வித்து பிரிட்டனுக்கே கொண்டுபோனார். கார் என்பது வாங்கிக் கழிப்பதற்கல்ல, வைத்துப் பேணுவதற்கு என்பது அவர் வாதம். நம் நாட்டிலும் 15 ஆண்டு கடந்த கார்களை வயதைக் காட்டிக் கட்டாயப் பரிசோதனைக்கு இழுக்கும் திட்டம் 2009-இல் அறிவிக்கப்பட்டு, மக்கள் கொதித்ததும் கைவிடப்பட்டது. வயதைப் பார்த்துத் தீர்ப்பெழுதக் கூடாது என்று அன்று அரசாங்கத்திடம் வாதாடியவர்கள், பட்டறையில் ஃபோர்மன் அதே தீர்ப்பை எழுதும்போது தலையாட்டுகிறார்கள்.

கடைசியாக வருவது, 'அனுபவசாலி காதாலேயே சொல்லிவிடுவார், கேஜெல்லாம் எதற்கு' என்ற வாதம். காதை நானும் மதிக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகள் நிறைந்திருந்த காலத்தில், செந்தூல் ரயில் பட்டறையிலும் நீராவி எஞ்சின்களிலும் வேலை பார்த்த தமிழர்கள் ஏராளம். இரண்டு சிலிண்டர் நீராவி எஞ்சின் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் நான்கு முறை மூச்சுவிடும். நான்கும் சம இடைவெளியில் வராமல் ஒன்று நொண்டினால் வால்வு அமைப்பில் கோளாறு என்று அந்தத் தொழில் தெரிந்தவர் புரிந்துகொள்வார். நொண்டும் மூச்சைக் கேட்டதும் பாய்லரை மாற்றச் சொல்ல மாட்டார். எதைக் கேட்கிறோம், அது எந்தப் பாகத்தைக் காட்டுகிறது என்ற அறிவோடு சேர்ந்த காதுதான் அனுபவம். அந்த அறிவு இல்லாமல் 'சத்தமே சரியில்ல போஸ்' என்று உதட்டைப் பிதுக்குவதை அனுபவக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஃபோர்மன்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களை இந்தப் பழக்கத்துக்குத் தள்ளுவது நாம்தான். எஞ்சினைப் பிரித்தால் பணம் கொடுக்கிறோம், யோசித்துச் சோதித்ததற்கு ஒரு மணிநேரக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். கூலி கிடைக்காத வேலையை யார் செய்வார்? சோதனைக்கென்று தனியாகப் பணம் கொடுங்கள், கொடுத்ததற்குப் பதிலாகத் தாளில் எழுதிக் கேளுங்கள்: நான்கு சிலிண்டரின் எண், எட்டு வால்வின் இடைவெளி, எண்ணெய் ஊற்றிய பின் எண், காற்று வெளியேறிய இடம். இந்தத் தாள் இல்லாமல் எவர் எஞ்சினை இறக்கச் சொன்னாலும் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தாளில் ரிங் போயிருக்கிறது என்று வந்தால் தயங்காமல் ஓவர்ஹால் செய்யுங்கள், காரணம் தெரிந்த செலவு அது. டெப்பட் என்று வந்தால் மிச்சமாகும் பணத்தில் ரேடியேட்டரைக் கழுவிக் கூலன்ட் ஊற்றுங்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்குத்தான் கூலன்ட் என்று குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய பல மைனர்களின் ஹெட் கேஸ்கட்டுக்கு அடுத்த எதிரி அந்தத் தண்ணீரால் உள்ளே படியும் துரு.